நிமிடக் கணக்கில் அறிவு

நுழையும்முன்

ஐயம் எழுந்தவுடன் கைப்பேசியில் ஒரு சொல்லை உள்ளிட்டு விடை பெறுவது இன்று நம் இயல்பாகிவிட்டது. தேடுவதற்கும் விலை உண்டு என்னும் எண்ணமே நமக்குத் தோன்றுவதில்லை. வலைத்தளங்கள் தோன்றுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, தொலைவிலுள்ள கணினியில் ஆய்வுச் செய்திகளைத் தேடித் தருவதைத் தொழிலாக வளர்த்த நிறுவனம் ஒன்று இருந்தது. அதன் பெயர் டயலாக். அது வளர்ந்த வரலாறும் சரிந்த வரலாறும், அறிவைத் தேடுவதற்கும் அறிவை அடைவதற்கும் உள்ள இடைவெளியை நமக்கு விளக்குகின்றன.

பெருகிய அறிவும் மறைந்த அறிவும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அறிவியல் ஆய்வுகள் பெருகின. ஆய்வுகள் பெருகியதால் அறிக்கைகளும் கட்டுரைகளும் மலைபோல் குவிந்தன. குவிந்தவற்றுள் தமக்கு வேண்டியதைக் கண்டெடுக்க வழியின்றி அறிஞர்கள் திகைத்தனர். இந்நிலையை அமெரிக்க அறிவியலாளர் வன்னிவர் புஷ், 1945ஆம் ஆண்டில் 'அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில் எடுத்துரைத்தார். மனிதரின் நினைவாற்றலுக்குத் துணையாக, நூல்களையும் குறிப்புகளையும் சேமித்து வேண்டியபோது எடுத்துத் தரும் கருவி ஒன்றையும் அவர் கற்பனை செய்தார்.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அதன்பின் அமெரிக்காவில் விண்வெளி ஆய்வுக்கும் படைக்கல ஆய்வுக்கும் பெரும்பொருள் செலவிடப்பட்டது. இத்துறையில் முன்னணியில் இருந்த லாக்ஹீட் நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் பணியாற்றினர். ஓர் ஆய்வு முன்பே செய்யப்பட்டுள்ளதா எனத் தேடிக் கண்டறிவதைவிட, அதனை மீண்டும் ஒருமுறை செய்து முடிப்பது எளிது என்று அங்குப் பேசிக்கொள்வார்களாம். நகைச்சுவைபோல் தோன்றினும் இது கசப்பான உண்மையாகும். தேடிக் கண்டெடுக்க இயலாத அறிவு, இல்லாத அறிவுக்கு ஒப்பானது. அதனால் வீணாவது பொருள் மட்டுமன்று. அறிஞர்களின் வாழ்நாளும் வீணாகிறது.

உரையாடும் கணினி

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் இருந்த லாக்ஹீட் ஆய்வகத்தில் பணியாற்றியவர் ரோஜர் சம்மிட். தகவல்களைத் தேடி எடுக்கும் முறைகளில் அவர் ஆர்வம் கொண்டிருந்தார். அக்காலத்துக் கணினிகள் ஓர் அறையையே நிரப்பும் அளவுக்குப் பெரியவை. ஒரு வினாவைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து கணினிக் கூடத்தில் கொடுத்தால், விடை அச்சாகி வரச் சில மணி நேரமோ சில நாள்களோ ஆகும். வந்த விடை பொருந்தாததாக இருந்தால் வினாவைத் திருத்தி மீண்டும் காத்திருக்க வேண்டும்.

இம்முறையின் அடிப்படைக் குறையைச் சம்மிட்டும் அவருடைய குழுவினரும் உணர்ந்தனர். தேடுபவர் தமக்கு வேண்டியது இன்னதெனத் தொடக்கத்திலேயே தெளிவாக அறிந்திருப்பதில்லை. முதல் விடையைக் கண்ட பின்னரே இரண்டாம் வினா பிறக்கிறது. அவ்விரண்டாம் வினாவின் விடை மூன்றாம் வினாவுக்கு வழிகாட்டுகிறது. எனவே தேடல் என்பது ஒருமுறை கேட்டு ஒருமுறை பெறுவதன்று. அது ஓர் உரையாடல். மனிதரும் கணினியும் மாறி மாறிப் பேசிக்கொள்வதற்கு ஏற்ற கட்டளை மொழி ஒன்றை அவர்கள் 1966ஆம் ஆண்டளவில் உருவாக்கினர். அதற்கு உரையாடல் என்னும் பொருள்படும் 'டயலாக்' என்ற பெயரையே சூட்டினர்.

இம்முறையை அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா ஏற்றுக்கொண்டது. நாசாவின் இலட்சக்கணக்கான ஆய்வுக் குறிப்புகள் கணினியில் ஏற்றப்பட்டன. நாட்டின் வெவ்வேறு மூலைகளில் இருந்த ஆய்வு மையங்களிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக அவற்றைத் தேடும் வசதி 1960களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய விண்வெளி ஆய்வு அமைப்பும் அமெரிக்கக் கல்வித்துறையும் அதனைத் தொடர்ந்து இம்முறையைப் பயன்படுத்தின.

சொல்லடைவின் நுட்பம்

இலட்சக்கணக்கான குறிப்புகளை ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்து விடை தேடினால், கணினிக்கும் நெடுநேரம் ஆகும். அவ்வாறிருக்கச் சில நொடிகளில் விடை கிடைத்தது எவ்வாறு? இதனைப் புரிந்துகொள்ளத் தமிழ் மாணவர்களுக்கு நன்கு அறிமுகமான ஒன்று துணைசெய்யும். சங்க இலக்கியச் சொல்லடைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'குறிஞ்சி' என்னும் சொல் எந்தெந்தப் பாடல்களில் வந்துள்ளது என்பதை அறிய, எல்லாப் பாடல்களையும் நாம் படிப்பதில்லை. அகரவரிசையில் அச்சொல்லைக் கண்டு, அதன் எதிரே உள்ள பாடல் எண்களைப் பார்க்கிறோம். டயலாக்கின் கணினியும் இத்தகைய அடைவையே பயன்படுத்தியது. ஒவ்வொரு சொல்லின் எதிரேயும் அச்சொல் இடம்பெற்ற குறிப்புகளின் எண்கள் முன்னரே வரிசைப்படுத்தப்பட்டிருந்தன.

இதனோடு மேலும் இரண்டு வசதிகள் சேர்ந்தன. முதலாவது, ஒரு சொல்லைக் கொடுத்தால் அகரவரிசையில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கணினி காட்டியது. அகராதியைப் புரட்டும்போது அருகிலுள்ள சொற்கள் கண்ணில் படுவதைப் போன்றது இது. ஒரு சொல்லின் பன்மை வடிவத்தையும் எழுத்து வேறுபாட்டையும் தேடுபவர் தாமே கண்டுகொள்ள இது உதவியது.

இரண்டாவது, ஒவ்வொரு தேடலின் விளைவும் எண்ணிட்ட தொகுதியாக நினைவில் வைக்கப்பட்டது. கல்வி ஆய்வாளர் ஒருவர், ஊர்ப்புறக் குழந்தைகளின் வாசிப்புத்திறன் பற்றி அறிய விரும்புவதாகக் கொள்வோம். 'வாசிப்பு' என்று தேடினால் 900 குறிப்புகள் முதல் தொகுதியாகின்றன. 'ஊர்ப்புறம்' என்று தேடினால் 400 குறிப்புகள் இரண்டாம் தொகுதியாகின்றன. இரண்டிலும் பொதுவாக உள்ளவற்றை மட்டும் கேட்டால் 35 குறிப்புகள் கிடைக்கின்றன. அவற்றுள் 'முதியோர்' பற்றியவற்றை நீக்கச் சொன்னால் 28 எஞ்சுகின்றன. இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவையே. ஆயினும் தேடல் படிப்படியாகக் கூர்மை பெறும் முறையை இவற்றால் அறியலாம்.

தெரிந்து தெளிவோம்

இரண்டிலும் உள்ளவை, இரண்டில் ஏதேனும் ஒன்றில் உள்ளவை, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவை எனத் தொகுதிகளை இணைக்கும் முறை ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞரின் தருக்கக் கணிதத்தை அடிப்படையாகக் கொண்டது. பூல் 1854இல் வெளியிட்ட நூல், மனிதச் சிந்தனையின் விதிகளைக் குறியீடுகளால் விளக்கியது. நூறாண்டுகளுக்குப் பின் அக்கணிதமே கணினித் தேடலின் இலக்கணமாயிற்று.

விண்வெளியிலிருந்து நூலகத்திற்கு

1971இல் லாக்ஹீட் நிறுவனம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. 25 கோடி டாலர் கடனுக்கு அமெரிக்க அரசு பிணை நின்ற பின்னரே அது மீண்டது. மறு ஆண்டான 1972இல், அதுவரை அரசு நிறுவனங்களுக்கென இயங்கிய டயலாக், கட்டணம் செலுத்தும் எவரும் பயன்படுத்தத்தக்க வணிகச் சேவையாயிற்று. கல்வி ஆய்வுக் குறிப்புகளும் அரசின் தொழில்நுட்ப அறிக்கைகளும் முதலில் இடம்பெற்றன. பின்னர் வேதியியல், இயற்பியல், மருத்துவம், காப்புரிமை, வணிகம், செய்தித்தாள் எனத் தரவுத்தளங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1980களின் இறுதியில் அவற்றின் எண்ணிக்கை முந்நூற்றைக் கடந்தது.

இத்தரவுத்தளங்களில் பெரும்பாலானவை டயலாக் உருவாக்கியவை அல்ல என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அறிவியல் கழகங்களும் அரசுத் துறைகளும் பதிப்பகங்களும் அவற்றை உருவாக்கின. அவற்றையெல்லாம் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்து, ஒரே கட்டளை மொழியால் தேடச் செய்ததே டயலாக்கின் பணி. பல ஊர்ப் பொருள்களை ஒரு சந்தையில் கொண்டுவந்து சேர்க்கும் வணிகரின் பணியைப் போன்றது அது. வணிகருக்குக் கிடைக்கும் ஆதாயம் அதற்கும் கிடைத்தது. அவருக்கு நேரக்கூடிய இடர் அதற்கும் பின்னாளில் நேர்ந்தது.

1970களில் டைம்நெட், டெலிநெட் முதலிய தரவு வலையமைப்புகள் தோன்றின. தொலைவிலுள்ள நகரிலிருந்தும் உள்ளூர்த் தொலைபேசி எண்ணை அழைத்தே பாலோ ஆல்டோவிலுள்ள கணினியோடு இணைய அவை வழிசெய்தன. நெடுந்தொலைவு அழைப்பின் செலவு குறைந்ததால், பல்கலைக்கழக நூலகங்களும் தொழில் நிறுவனங்களும் டயலாக்கை நாடின. 1981இல் அது லாக்ஹீட்டின் தனித்த துணை நிறுவனமாயிற்று. 1988இல் செய்தித்தாள் நிறுவனமான நைட் ரிட்டர், 35.3 கோடி டாலர் கொடுத்து அதனை வாங்கியது. ஆய்வகத்தின் ஒரு மூலையில் தொடங்கிய முயற்சி இத்தகைய மதிப்பைப் பெற்றது.

கடிகாரத்தின் முன் நூலகர்

அந்நாளைய தேடல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். நூலகர் தொலைபேசியின் கேட்புக் கருவியை ஒலி இணைப்பியில் பொருத்துவார். விசைப்பலகையில் கட்டளைகளை உள்ளிடுவார். விடைகள் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் என்னும் வேகத்தில் தாளில் அச்சாகும். இரண்டாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் வந்துசேர ஒரு நிமிடத்திற்கு மேலாகும்.

அந்த ஒவ்வொரு நிமிடத்திற்கும் விலை இருந்தது. தரவுத்தளத்திற்கேற்ப, மணிக்குச் சில பத்து டாலர் முதல் நூறு டாலருக்கு மேல்வரை கட்டணம் அமைந்தது. கிடைத்த குறிப்புகளை அச்சிடவும் தனிக்கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. எனவே இணைப்பில் அமர்ந்து சிந்திக்க இடமில்லை. நூலகர் முதலில் ஆய்வாளரோடு அமர்ந்து உரையாடுவார். அவருக்கு உண்மையில் வேண்டியது யாது, எந்தத் தரவுத்தளம் பொருந்தும், எந்தச் சொற்களை எவ்வாறு இணைக்கலாம் என்பனவற்றைத் தாளில் எழுதித் திட்டமிடுவார். அதன்பிறகே கணினியோடு இணைவார். சில நிமிடங்களில் பணியை முடித்து இணைப்பைத் துண்டிப்பார்.

இதனால் தேடல், பயின்று பெறவேண்டிய ஒரு கலையாயிற்று. தேடல் வல்லுநர் என்னும் புதிய பணியாளர் உருவாயினர். அவர்களுக்கெனப் பயிற்சி வகுப்புகளும் தனி இதழ்களும் தோன்றின. வாசகரின் நேரத்தைப் பேணுவது நூலகத்தின் கடமை என்பதை, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன், தம் நூலக அறிவியல் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931ஆம் ஆண்டிலேயே வகுத்திருந்தார். பல வாரங்கள் அடைவுகளைப் புரட்டித் தேட வேண்டியதைச் சில நிமிடங்களில் முடித்த டயலாக், அக்கடமைக்கு வலிமைமிக்க கருவியாக அமைந்தது. ஆயின் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. அவ்விதியின்முன் டயலாக் தடுமாறியது.

யாருக்குத் திறந்த வாசல்?

1970களின் நடுப்பகுதியில் கலிஃபோர்னியாவின் பொது நூலகங்கள் சிலவற்றில் ஒரு சோதனை நடைபெற்றது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதற்கு நிதி வழங்கியது. பல்கலைக்கழகங்களோடும் தொழில் நிறுவனங்களோடும் தொடர்பில்லாத பொதுமக்களுக்கும் இத்தேடல் பயன்படுமா என்பதை அறிவதே அதன் நோக்கம். தொடக்கத்தில் சேவை இலவசமாக அளிக்கப்பட்டபோது மக்கள் ஆர்வத்தோடு வந்தனர். பின்னர்க் கட்டணம் வாங்கத் தொடங்கியதும் வருகை குறைந்தது. மக்களுக்கு அறியும் வேட்கை இருந்தது. விலையே அதற்குத் தடையாயிற்று.

தனிமனிதர்களின் இல்லங்களுக்குக் கணினி வரத் தொடங்கியபோது, 1982இல் டயலாக் குறைந்த கட்டணச் சேவை ஒன்றைத் தொடங்கியது. அலுவலகங்கள் ஓய்ந்திருக்கும் மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் மட்டுமே அதனைப் பயன்படுத்த இயலும். பெருவாசல் அடைத்தபின் சிறுவாசல் ஒன்றைத் திறந்து வைத்ததைப் போன்றது அது. நிறுவனத்தின் முதன்மை வருவாய், உயர்ந்த கட்டணம் செலுத்தக்கூடிய தொழிற்கூடங்களிடமிருந்தும் சட்ட, வணிக நிறுவனங்களிடமிருந்துமே தொடர்ந்து வந்தது.

சரிவின் காரணங்கள்

டயலாக்கின் சரிவு ஒரே நாளில் நேர்ந்ததன்று. முதல் அசைவு 1980களின் பிற்பகுதியில் குறுந்தகடுகளால் ஏற்பட்டது. ஒரு தரவுத்தளத்தை ஆண்டுச் சந்தா செலுத்திக் குறுந்தகட்டில் பெற்றுக்கொண்ட நூலகங்களில், மாணவர்கள் நிமிடக் கணக்குக்கு அஞ்சாமல் தாமே தேடினர். டயலாக்கும் குறுந்தகடுகளை வெளியிட்டது. ஆயினும் நேரத்திற்கு விலை வைக்கும் முறையின் அடித்தளம் அப்போதே அசையத் தொடங்கியது.

அடுத்து உலகளாவிய வலை வந்தது. 1990களில் அது பரவியபோது, தரவுத்தளங்களை உருவாக்கியவர்களுக்கு இடையில் ஒரு வணிகர் தேவைப்படவில்லை. அவர்களே தத்தம் தளங்களை அமைத்துப் பயனர்களை நேரடியாக அடைந்தனர். பொதுமக்களின் வரிப்பணத்தில் உருவான தொகுப்புகள் பொதுமக்களுக்கு இலவசமாகவே திறந்துவிடப்பட்டன. 1997ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், 'பப்மெட்' தளத்தின் வழியாக மருத்துவ ஆய்வுக் குறிப்புகளை உலகம் முழுமைக்கும் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. காப்புரிமை ஆவணங்களும் கல்வி ஆய்வுக் குறிப்புகளும் அவ்வாறே திறக்கப்பட்டன.

அதே 1997ஆம் ஆண்டில்தான் லண்டனைச் சேர்ந்த மெய்டு என்னும் தகவல் நிறுவனம், டயலாக்கை 42 கோடி டாலருக்கு வாங்கியது. தன்னைவிடப் பெரிய நிறுவனத்தை வாங்குவதற்கு அது பெருங்கடன் பெற்றிருந்தது. கடனை அடைக்க வருவாய் வேண்டும். வருவாய்க்கோ தேடலின் விலை குறையாதிருக்க வேண்டும். உலகில் அவ்விலை வேகமாகக் குறைந்துகொண்டிருந்த காலம் அது. 1998இல் நிமிடக் கணக்கைக் கைவிட்டுக் கணினியின் பயன்பாட்டை அளவிடும் புதிய கட்டண முறையை நிறுவனம் கொண்டுவந்தது. எந்தத் தேடலுக்கு எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே கணிக்க இயலாமையால், நெடுங்காலம் துணைநின்ற நூலகர்களே அதிருப்தி அடைந்தனர். 2000ஆம் ஆண்டில் டயலாக்கின் தகவல் சேவைப் பிரிவை தாம்சன் நிறுவனம் 27.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2008இல் அது புரோகுவெஸ்ட் நிறுவனத்தின் உடைமையாயிற்று. காப்புரிமையும் மருந்தியலும் சார்ந்த வல்லுநர்கள் பயன்படுத்தும் சிறப்புச் சேவையாக அப்பெயர் நிலைத்தது. எனினும் உலகின் அறிவுத்தேடலுக்குத் தலைவாசலாக இருந்த நிலை மாறிவிட்டது.

இச்சரிவுக்குத் தொழில்நுட்பப் பின்னடைவு மட்டுமே காரணமன்று. அறிவு அருகியிருந்த காலத்தில், அதனை அடையும் வழியில் அமைந்த சுங்கச்சாவடியாக டயலாக் செழித்தது. பக்கத்தில் இலவசப் பாதைகள் திறந்தபோது சுங்கம் செலுத்த வருவோர் குறைந்தனர். பிறர் விளைத்ததைச் சேர்த்து வழங்கும் பணி அரியது. ஆயினும் அவ்விடத்தை யாரும் நிலையாகத் தமதாக்கிக்கொள்ள இயலாது.

எஞ்சிய பாடம்

டயலாக் நிறுவிய கருத்துகள் அழிந்துவிடவில்லை. தொலைவிலுள்ள தொகுப்பை வீட்டிலிருந்தே தேடலாம் என்பதும், சொல்லடைவே விரைவுத் தேடலின் உயிர்நாடி என்பதும், ஒரு விடை அடுத்த வினாவுக்கு வழிகாட்ட வேண்டும் என்பதும் இன்றைய தேடுபொறிகளுக்கும் அடிப்படைகளாகவே உள்ளன.

எனினும் நாம் இழந்ததும் ஒன்று உண்டு. அன்றைய நூலகர் கேட்பதற்கு முன் சிந்தித்தார். தமக்கு வேண்டியது யாது, அது எங்கே இருக்கும், எந்தச் சொல்லால் அதனை அழைப்பது, வேண்டாதவற்றை எவ்வாறு விலக்குவது என்று தாளில் எழுதிப் பார்த்தார். கிடைத்த குறிப்பை யார் தொகுத்தார், எந்த இதழில் வெளிவந்தது என்பதையும் அறிந்திருந்தார். இன்று தேடல் விலையின்றிக் கிடைப்பதால் நாம் சிந்திக்காமலே கேட்கிறோம். முதலில் தோன்றும் விடையை ஆராயாமலே ஏற்கிறோம். அன்று கட்டணம் பலரை வாசலிலேயே நிறுத்தியது. இன்று வாசல் அகலத் திறந்திருக்க, உள்ளே எதை எடுப்பது என்று அறியாமல் பலர் திகைக்கின்றனர்.

அறிவு அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும்; அதனைத் தேடும் திறனும் அனைவருக்கும் கற்பிக்கப்பட வேண்டும். இவ்விரண்டில் முதலாவதை டயலாக்கால் நிறைவேற்ற இயலவில்லை. இரண்டாவதை இன்றைய தேடுபொறிகள் தாமே நிறைவேற்றுவதில்லை. அப்பொறுப்பு பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் உரியது. மாணவர்களாகிய உங்களுக்கும் உரியது. அடுத்தமுறை ஒரு பொருள் குறித்துத் தேடும்போது, விசையை அழுத்துமுன் உங்கள் வினாவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அன்றைய நூலகர் செலவைக் குறைக்கக் கைக்கொண்ட அவ்வழக்கம், இன்று தெளிந்த அறிவைப் பெற உங்களுக்கு உதவும்.